எவர்சில்வர் தட்டில் தண்ணீர் வைத்துப் பாருங்கள்

வாசகர் கடிதம்: திருப்பூரில் பனியன் தொழில் செய்கிறேன். ஊட்டிக்கும் தலைக்குந்தாவுக்கும் நடுவே ஒரு பள்ளத்தில் 12 சென்ட் இடத்தோடு சின்ன வீடு வாங்கியிருக்கிறேன். போன ஜூலையில் கோவை நர்சரியிலிருந்து வண்டி வைத்து நாற்பது செடி கொண்டுபோய் நட்டேன். செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, போகன்வில்லா, குரோட்டன்ஸ். டிசம்பர் வரை தளதளவென்று நின்றன. ஜனவரி நடுவில் ஒருநாள் காலையில் தோட்டக்காரர் போன் போட்டு, "எல்லாம் வெந்துபோச்சுங்க" என்றார். போய்ப் பார்த்தால் கறுத்துக் கிடக்கின்றன. வேருக்குக் குளிரக் கூடாது என்று அரையடிக்கு வைக்கோல் மூடாக்கு போட்டிருந்தேன், அப்படியும் பலனில்லை. பின்வாசல் தாழ்வாரத்து ஓரம் நின்ற ஒரே ஒரு செம்பருத்தி மட்டும் பச்சையாக இருக்கிறது. காட்டெருமை வருகிறது என்று கீழ்ப்பக்கம் ஐந்தடி காம்பவுண்டு சுவர் வேறு கட்டினேன், செலவுதான் மிச்சம். இப்போது மைனஸ் 10 டிகிரி தாங்கும் என்று போட்டிருக்கும் வெளிநாட்டுச் செடிகளாகப் பார்த்து ஒரு பட்டியல் எடுத்திருக்கிறேன்: லைலாக், ட்யூலிப் (மகள் கேட்டது), பியோனி, ஸ்காட்ச் புரூம், கமேலியா. வாங்கலாமா? கருகிய செடிகள் பிழைக்குமா?

அன்புள்ள திருப்பூர் வாசகருக்கு,

பட்டியலைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தத் தாழ்வாரத்துச் செம்பருத்தியைப் பற்றிய வரியைத்தான். அதே நர்சரி, அதே வண்டி, அதே இரவு. தள்ளி நின்றவை வெந்துவிட்டன, இது மட்டும் பச்சையாக நிற்கிறது. செம்பருத்திக்குச் செம்பருத்தி குளிர் தாங்குவதில் பெரிய வித்தியாசம் இருக்காது. அப்படியானால் வித்தியாசம் நின்ற இடத்தில் இருக்கிறது. நீங்களோ இடத்தை விட்டுவிட்டுச் செடியை மாற்றப் பார்க்கிறீர்கள்.

பனி விழுகிறது என்று நாம் சொல்கிறோம். உறைபனி எங்கிருந்தும் விழுவதில்லை, இருந்த இடத்திலேயே உண்டாகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு வானம் துடைத்துவிட்டாற்போல் ஆகும், காற்றும் நின்றுவிடும். அந்த மாதிரி இரவில் தரையிலுள்ள எல்லாமே பகலில் வாங்கிய சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மண் கனமானது, மெதுவாக விடும். இலை மெல்லியது, சீக்கிரம் விட்டுத் தீர்த்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டும் காலையிலும் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பது இதனால்தான். காலை ஆறரைக்கு அந்த இலையைத் தொட்டால் கண்ணாடித் தாள் மாதிரி சரசரக்கும். ஒன்பது மணி வெயில் பட்டதும் வெந்நீரில் போட்டெடுத்த கீரையாகத் தொங்கும். மத்தியானத்துக்குள் கறுப்பு. "வெந்துபோச்சு" என்று உங்கள் தோட்டக்காரர் சொன்னது ரொம்பச் சரியான வார்த்தை.

தாழ்வாரத்துச் செம்பருத்திக்கு மேலே வானம் இல்லை, கூரை இருந்தது. பக்கத்தில் பகலெல்லாம் வெயில் குடித்த சுவர், ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது. அது பிழைத்ததற்கு இவ்வளவுதான் காரணம்.

இன்னொன்று, உங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் குளிரும் என்பது பொதுவான கணக்கு. 1000 மீட்டருக்கு சுமார் 6 டிகிரி குறையும். கூடலூர் வெக்கையாகவும் ஊட்டி குளிராகவும் இருப்பது அந்தக் கணக்குப்படி. உறைபனி இரவில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர் மாதிரி மெல்ல இறங்கி, பள்ளத்தில் வந்து தேங்கும். சரிவுக்கு மேலே இருக்கும் வீட்டில் ரோஜா தப்பித்திருக்கும், அடியில் இருக்கும் உருளைக்கிழங்குப் பாத்தி கருகியிருக்கும். தலைக்குந்தாவும் காந்தலும் வருஷா வருஷம் உறைபனிச் செய்தியில் வருகிற இடங்கள். கொடைக்கானலிலும் அப்படித்தான், ஏரியோரத்துத் தாழ்வான புல்வெளிகள் முதலில் வெளுக்கும்.

சரி, அப்படி இறங்கி வரும் காற்றின் குறுக்கே ஒரு சுவர் கட்டினால்? அணைதான். நீங்கள் செய்தது அதுதான்.

உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் இதைச் செய்திருக்கிறேன், அதுவும் கூலி வாங்கிக்கொண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் எமரால்டு பக்கம் ஒரு பங்களாவில், சரிவின் அடியில் மறைப்புக்காக சைப்ரஸை நெருக்கி வேலி வைத்துக் கொடுத்தேன். மூன்று வருஷத்தில் ஆளுயரத்துக்கு, ஒரு கை நுழைய இடமில்லாமல் அடர்ந்தது. போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். நான்காவது ஜனவரியில், அதுவரை நுனி கருகுவதோடு தப்பித்துக்கொண்டிருந்த ஃபியூஷியா வரிசை அடியோடு கருகியது. "மருந்து எதுவும் மாத்தி அடிச்சீங்களா?" என்று வீட்டுக்காரம்மா கேட்டார். எனக்கும் காரணம் தெரியவில்லை. என்னோடு வேலை பார்த்த படுகர் பெரியவர் ஒருவர் விடிவதற்கு முன்பே வந்து, வேலியடியில் குந்தி உட்கார்ந்து, கையைத் தரையோடு வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தண்ணி நின்னா மடை வெட்டுவோமில்ல, அதைச் செய்யுங்க" என்றார். தாழ்வான மூலையில் மூன்று சைப்ரஸை வெட்டி எடுத்தோம். அடுத்த பனியில் ஃபியூஷியா பழையபடி நுனிக் கருகலோடு தப்பியது.

ஆகவே முதல் செலவு செடிக்கு வேண்டாம். சுவரின் தாழ்வான இடத்தில், தரையோடு தரையாக, நாலைந்து அடி அகலத்துக்கு உடைத்துவிட்டு இரும்பு கிரில் வையுங்கள். அடியில் செங்கல் வரிசை எதுவும் வைத்துவிடாதீர்கள், காற்று போக வேண்டியதே அந்த வழியாகத்தான். காட்டெருமையைப் பற்றிக் கவலை வேண்டாம். அது ஐந்தடிச் சுவரை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது வேலைக்குப் பைசா செலவில்லை. பனிக்காலம் இன்னும் முழுசாக முடியவில்லை. வானம் தெளிவாக இருக்கிற ஒரு சனிக்கிழமை போய்த் தங்குங்கள். ஒரே அளவு எவர்சில்வர் தட்டு நாலைந்து எடுத்து, விரல் கனத்துக்குத் தண்ணீர் ஊற்றி, சாயங்காலமே வெவ்வேறு இடங்களில் வைத்துவிடுங்கள். கீழ்ச்சுவர் ஓரம் ஒன்று, நடுத் தோட்டத்தில் ஒன்று, மரம் இருந்தால் அதன் அடியில் ஒன்று, மேற்குச் சுவரையொட்டி ஒன்று, தாழ்வாரத்தில் ஒன்று. காலையில் வெயில் வருவதற்கு முன் போய்ப் பாருங்கள். ஒன்றில் தட்டினால் டக் டக் என்று சத்தம் வரும் அளவுக்குக் கட்டியிருக்கும். ஒன்றில் பாலாடை மாதிரி மெல்லிய ஏடு இருக்கும். ஒன்றில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். ஒரு தாளில் வீட்டை வரைந்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 12 சென்ட்டுக்குள் மூன்று தட்பவெப்பம் இருப்பது தெரியும். எந்த நர்சரிக்காரரும் இந்தத் தாளை உங்களுக்குத் தர முடியாது.

அப்புறம் அந்த மைனஸ் 10.

அது பொய்யில்லை, ஆனால் நமக்குப் பொருந்தாது. செடிகளின் குளிர் தாங்கும் எண் என்று புழங்குவது பெரும்பாலும் அமெரிக்க வேளாண் துறையின் மண்டலக் கணக்கு. ஓர் ஊரில் ஒவ்வொரு வருஷமும் அடிக்கும் உச்சக் குளிரின் சராசரியை வைத்து வகுத்தது. அந்த ஊர்களில் செடி திடீரென்று மைனஸுக்குப் போவதில்லை. செப்டம்பரிலிருந்து பகல் குறைந்துகொண்டே வரும், குளிர் படிப்படியாக ஏறும். செடி அதைப் பார்த்து இலையை உதிர்த்து, சாற்றை உள்ளே இழுத்து, தூங்கப் போய்விடும். தூங்கும் செடிதான் மைனஸ் 10 தாங்கும். லண்டனில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். ஊட்டியில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். காலையில் உறைபனி, மத்தியானம் 20 டிகிரி வெயில். செடி தூங்குவதற்கு யாரும் சொல்லவில்லை, அது தளிர்விட்டுக்கொண்டேயிருக்கிறது. விழித்திருக்கும் தளிருக்கு மைனஸ் 1 டிகிரியே போதும்.

ஆகவே, இங்கே தேட வேண்டியது இரண்டு மாதிரிச் செடிகள். வருஷம் முழுக்க விழித்திருந்தும் தடித்த இலையால் ஓர் இரவுக் குளிரைத் தாங்குபவை ஒரு மாதிரி. மேலே கருகினாலும் கிழங்கிலிருந்தோ அடித்தூரிலிருந்தோ மார்ச்சில் முளைத்து வருபவை இன்னொரு மாதிரி.

உங்கள் பட்டியலை இந்தக் கண்ணால் பாருங்கள். லைலாக்கும் பியோனியும் நீண்ட குளிர்காலம் தூங்கி எழுந்தால்தான் பூக்கும். இங்கே அவை சாகாது, ஆனால் பூக்கவும் யோசிக்கும். ட்யூலிப் கிழங்கு பல வாரங்கள் தொடர்ச்சியான குளிரில் கிடக்க வேண்டும். மகள் ரொம்ப ஆசைப்பட்டால் குளிரூட்டித் தயார்செய்த கிழங்கை வாங்கி ஒரு தொட்டியில் வைத்துக் கொடுங்கள், ஒரு முறை பூக்கும். அதோடு முடிந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அடுத்த வருஷம் குழந்தை காத்திருக்கக் கூடாது. ஸ்காட்ச் புரூம் வேண்டவே வேண்டாம். பனியும் தாங்கும், எல்லாமும் தாங்கும், அதுதான் சிக்கலே. வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத்துக்கு என்று வந்து, மஞ்சளாகப் பூத்து, நீலகிரியின் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. கோர்ஸ் என்கிற முட்புதரும் அதே ரகம். ஒரு பக்கம் வனத்துறை பிடுங்குகிறது, இன்னொரு பக்கம் நாம் காசு கொடுத்து நடுவதா?

கமேலியா மட்டும் நல்ல தேர்வு. தேயிலையின் சொந்தக்காரச் செடி, நம் புளிப்பு மண் (அமில மண்) அதற்கு அமிர்தம். இலைக்குப் பனியால் ஒன்றும் ஆகாது, மொட்டுக்குத்தான் ஆபத்து. பனி கட்டிய மொட்டின் மேல் காலை வெயில் நேராக அடித்தால் சட்டென்று இளகிப் பழுப்பாகிவிடும். கிழக்கு வெயில் தாமதமாக வரும் இடமாகப் பார்த்து, மரநிழல் இருந்தால் இன்னும் நல்லது, அங்கே நடுங்கள்.

மற்றபடி, கட்டிப்பனி கட்டிய தட்டு இருந்த கீழ் மூலைக்கு நான் முதலில் சொல்வது இந்த மலையின் சொந்தச் செடிகளை. சோலை மரக் கன்றுகள் புல்வெளிக்குள் நுழைந்து வளராமல் தடுப்பதில் உறைபனிக்கும் பங்குண்டு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சோலைக்குள் மரக்கூரை இருக்கிறது, உங்கள் தாழ்வாரம் மாதிரி. வெட்டவெளியில் அது இல்லை. அந்த வெட்டவெளிப் புல்லில் தன்னந்தனியாக, முறுக்கிய உடம்போடு, பனிக்காலத்திலேயே செக்கச்செவேலென்று பூத்து நிற்கிற ஒரு மரம் உண்டு. காட்டுப்பூவரசு, நர்சரியில் ரோடோடென்ட்ரான் என்பார்கள். இதைவிடப் பெரிய சான்றிதழ் எந்த மண்டல எண்ணும் தராது. மெதுவாகத்தான் வளரும், அவசரக்காரர்களுக்கு ஆகாது. அதன் காலடியில் ஊசிக்கலா. முள்ளும் மஞ்சள் பூவும் கருநீலப் பழமுமாக நல்ல வேலிச்செடி. ஸ்காட்ச் புரூமின் மஞ்சளுக்கு ஆசைப்பட்டீர்கள் என்றால், நம் புல்சரிவுகளில் தானாக வளரும் ஹைபெரிக்கம் இருக்கிறது, அதுவும் பளிச்சென்ற மஞ்சள்தான். குறிஞ்சியும் வைக்கலாம். 2018-இல் பூத்தது, கணக்குப்படி அடுத்தது 2030. அதுவரை பச்சைப் புதராக நிற்கும். எதையும் காட்டிலிருந்து பிடுங்கி வரச் சொல்லாதீர்கள், அது குற்றம். நாட்டுச் செடிகளை விதையிலிருந்து வளர்த்துத் தருபவர்களிடம் கேட்டு வாங்குங்கள்.

அதே மூலைக்கு வெளிநாட்டு வகையில் அகபந்தஸ். கிழங்கு உள்ளே பத்திரமாக இருக்கும், இலை நுனி வாடினாலும் கோடையில் நீலப் பூக்கொத்து வந்துவிடும். புல்தரை வேண்டுமானால் கிக்குயு. ஜனவரியில் காய்ந்த பாய் மாதிரி ஆகும், கோடை மழைக்குத் திரும்பப் பச்சை பிடிக்கும். அதற்காக யாரும் உரம் விற்றால் வாங்காதீர்கள்.

ஏடு கட்டிய நடுத்தோட்டத்துக்கு அசேலியா, பாட்டில் பிரஷ், தவிட்டுப்பழம், ஹைட்ரேஞ்சியா. இதில் ஹைட்ரேஞ்சியாவுக்குப் பனிக்காலத்தில் கவாத்து செய்கிற வழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. பெரும்பாலான ரகங்கள் போன வருஷத்துக் குச்சியில்தான் பூக்கும், வெட்டினால் பூவையும் சேர்த்து வெட்டியாயிற்று. நீலமாகப் பூக்க என்ன போட வேண்டும் என்று கேட்டு எழுதிவிடாதீர்கள், நம் மண்ணின் புளிப்பே நீலமாக்கிவிடும்.

தண்ணீர் தண்ணீராகவே இருந்த சுவரோரம், உங்களுக்குப் பிடித்த செம்பருத்தியும் போகன்வில்லாவும். தொட்டியில் வைத்தால் இன்னும் வசதி, தேவைப்பட்டால் உள்ளே நகர்த்திக்கொள்ளலாம். குரோட்டன்ஸையும் இட்லிப்பூவையும் மறந்துவிடுங்கள். திருப்பூரில் அவை அழகாக இருக்கும்.

செடியை வாங்கும்போது நர்சரிக்காரரிடம் ஒரே கேள்வி: "போன பனியை இது வெளியில் கழித்ததா?" மேட்டுப்பாளையத்து நிழல்வலைக்குள் கொழுகொழுவென்று வளர்ந்த கமேலியாவைவிட, ஊட்டியில் வெட்டவெளியில் நின்று இலை ஓரம் கொஞ்சம் தேய்ந்த கமேலியா மேல். குன்னூரில் நன்றாக வந்ததே என்பதும் இங்கே சாட்சியாகாது, அது ஏறக்குறைய 400 மீட்டர் தாழ்வு. நடுவது ஜூன் மழையோடு. வேர் பிடிக்க ஆறு மாசம் கிடைக்கும். செப்டம்பருக்குப் பிறகு யூரியாவும் வேண்டாம், கவாத்தும் வேண்டாம். இரண்டுமே பனிக்கு நேராகத் தளிரைக் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

வைக்கோல் மூடாக்குக்கு வருகிறேன், இது உங்களுக்கு வருத்தமாக இருக்கும். அதுவும் ஒரு காரணம். நிலமே உறைந்துபோகும் நாடுகளில் வேரைக் காக்க மூடாக்கு. இங்கே நிலம் உறைவதில்லை, மண்தான் ராத்திரிக்கு உங்கள் அடுப்பு. அதன் மேல் அரையடி வைக்கோலைப் போட்டுச் சூட்டை உள்ளேயே அடைத்துவிட்டீர்கள், மேலே இலைக்கு ஒன்றும் வரவில்லை. டிசம்பர் ஆரம்பத்தில் மூடாக்கை ஒதுக்கி, மண்ணைக் கொத்திவிடாமல், பகலில் தண்ணீர் விட்டு ஈரமாக வையுங்கள். ஈரமண் கூடுதல் சூட்டைப் பிடித்து வைக்கும். மார்ச் வெயிலுக்கு வைக்கோலைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

புதுச் செடிகளுக்கு முதல் இரண்டு பனிக்கும் மூடி அவசியம். ஊட்டி தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் செடியின் கிளைகளைக் கொண்டு வந்து பாத்திகளின் மேல் கூடாரம் மாதிரிச் சாய்த்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1848-இல் தொடங்கிய பூங்கா, இன்றைக்கும் குச்சியையும் இலையையும் கைவிடவில்லை. மிலார் கிடைக்காவிட்டால் நாலு குச்சி நட்டு, இலையில் படாமல் பழைய வேட்டியோ சாக்கோ போடுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போட்டு, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். பாலித்தீன் தாள் இலையில் ஒட்டினால் ஒட்டிய இடமெல்லாம் கருகும். விடியற்காலையில் தண்ணீர் தெளிக்கும் வித்தை வேலையாட்களும் தெளிப்பானும் இருக்கும் இடத்துக்குச் சரி. பனி முழுக்கக் கரையும்வரை நிறுத்தாமல் தெளிக்க வேண்டும், பாதியில் மோட்டார் நின்றால் தெளிக்காமல் விட்டதைவிட மோசம். வார இறுதிக்கு வந்து போகிறவர்களுக்கு நான் சொல்வதில்லை.

கருகிய செடிகளில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அந்தக் கருகல் இலையே அடிக்குச்சிக்கு அடுத்த பனியில் குடை. மார்ச் கடைசியில் போய், நுனியிலிருந்து கீழ்நோக்கி நகத்தால் பட்டையைக் கீறிக்கொண்டே வாருங்கள். எங்கே உள்ளே பச்சை தெரிகிறதோ அதற்கு ஒரு விரல் மேலே வெட்டுங்கள். போகன்வில்லாவில் பாதி பிழைக்கலாம், நந்தியாவட்டையில் ஒன்றிரண்டு அடியிலிருந்து துளிர்க்கலாம், குரோட்டன்ஸை உரக்குழிக்கு அனுப்பிவிடுங்கள். பிழைத்தவற்றை ஜூன் மழைக்குச் சுவரோரம் மாற்றி நடலாம். ஒன்று மட்டும், முன்பக்கம் காலியாக இருக்கிறதே என்று அந்தத் தாழ்வாரத்துச் செம்பருத்தியைப் பெயர்த்து நடுத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடாதீர்கள்.